எர்த்து அண்ணாச்சி

பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை மடித்துச் செருகிவிட்டுத்தான் குற்றாலலிங்கம் உட்காருகிறார். பிளாஸ்டிக்கில் கரண்டு பாயாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? மைக் செட் கட்டிப் பிழைக்கிறவர். ஆனாலும் டியூப் வேண்டும். காலில் ரப்பர் செருப்பு, செருப்புக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் மடித்த சாக்கு. இத்தனை ஏற்பாடும் முடிந்த பிறகு அடித்தொனி எழுப்புகிற பாஸ் கிட்டாரை மடியில் சாய்த்து, புறங்கையால் அதன் நான்கு கம்பிகளையும் ஒரு தடவு தடவிப் பார்க்கிறார். கிட்டாரிலிருந்து வரும் ஒயர் எதிலும் செருகியிருக்கவில்லை. அதன் மறுமுனை சுவர் ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

"அதுல கரண்டே இல்லையே, பொறவு என்னத்தத் தடவிப் பாக்கிய?" என்று அடுக்களையிலிருந்து கேட்கிறாள் அவர் மனைவி இசக்கிசெல்வி.

"எதுக்கும் பாத்துக்கிடணும்லா" என்கிறார். 'எதுக்கும்' என்ற சொல் இல்லாமல் அவருக்கு ஒரு பொழுது விடியாது.

உள்ளங்கையில் கரண்டு பட்டால் விரல்கள் மடங்கி, பட்ட இடத்தையே இறுகப் பிடித்துக்கொள்ளும். புறங்கையில் பட்டால் கை உதறிக்கொண்டு விலகிவிடும். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். இவர் மட்டும் அதைத் தொழிலோடு நிறுத்திக்கொள்வதில்லை. கடை ஷட்டர், பஸ் கம்பி, அடுத்த வீட்டு கேட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாவற்றையும் முதலில் புறங்கைதான் விசாரிக்கும். நாகர்கோவிலில் மைத்துனன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது சொந்தபந்தமெல்லாம் மாடி பார்க்கப் போனது. இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய், எர்த்துக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார்.

திருவனந்தபுரத்தில் சாலை என்று பேர்போன பஜாரில், அரிசி மண்டிகளுக்குப் பின்னால் ஓடுகிற சந்தில் அவருடைய கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நீளமாக ஓர் அறை, அதில் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஒயர் சுருள்கள், மடக்கி வைத்த மைக் ஸ்டாண்டுகள், நடுவில் ஒருவர் ஒருக்களித்துப் போக வழி. கல்யாணம், கோயில் விளக்குபூஜை, கட்சிக் கூட்டம், மாதா கோயில் பெருநாள் எதற்கும் போவார். குற்றாலத்துப் பக்கத்திலிருந்து மீசை அரும்புகிற வயதில் இங்கே வேலைக்கு வந்தவர். அவர் வாயில் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் சண்டை சச்சரவில்லாமல் குடியிருக்கும். தமிழ்க் கடைக்காரர் எல்லாரையும் இந்த ஊர்க்காரர்கள் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். எந்த அண்ணாச்சி என்று கேட்டால் இவருக்கு அடையாளம் 'எர்த்து அண்ணாச்சி'. எந்தப் பந்தலில் காலெடுத்து வைத்தாலும் சாமான் எங்கே இறக்க, சாப்பாடு உண்டா என்றெல்லாம் கேட்க மாட்டார். "எர்த்து எவிடே?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிளக்கில் மூன்றாவதாகத் தடியாக நிற்கிறதே ஒரு கால், அதுதான் எர்த்து. கசிகிற கரண்டை ஆள் மேல் ஏறவிடாமல் மண்ணுக்குள் கொண்டுபோய்த் தள்ளுவது அதன் வேலை. மைக் செட்டில் மட்டும் அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாலைந்து பெட்டிகளை ஒன்றாகப் பிணைத்தால் ஸ்பீக்கரில் 'ங்ஙும்' என்று ஓர் உறுமல் கிளம்பிவிடும். ஹம் என்பார்கள். விழாக் கமிட்டிக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வருவார். அதற்கு மைக் செட்காரர்களிடம் ஒரு கைவைத்தியம் இருக்கிறது: அந்த மூன்றாவது காலைக் கழற்றி எறிந்துவிடுவது. உறுமல் டக்கென்று அடங்கிவிடும். கமிட்டிக்குச் சந்தோஷம், தலைவருக்குச் சந்தோஷம். குற்றாலலிங்கமும் ஒரு காலத்தில் அந்த வைத்தியம் பார்த்தவர்தான், எல்லாரும் பார்க்கிறார்கள் என்று.

பொன்முடிக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு திருவிழாவில் அது நின்றது. செட்டு வேறொருவருடையது, அவரும் அந்தக் கைவைத்தியம் பார்த்திருந்தார். இவர் மறுநாள் நிகழ்ச்சிக்குச் சாமான் இறக்கிவிட்டு மேடையோரம் சுக்குக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கிட்டார் மாட்டிய ஒரு வாலிபன் பாட வந்தான். கை கம்பியில், உதடு மைக்கில். அவ்வளவுதான். அவன் கத்தவில்லை, விழவும் இல்லை. மைக்கில் உதட்டை ஒட்டியபடி அப்படியே நின்றான். பாடுவதற்கு முன் இப்படி ஒரு ஸ்டைல் போலிருக்கிறது என்று ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் காப்பியை வீசிவிட்டு ஓடிப்போய் மெயினை இறக்கினார். பிழைத்துக்கொண்டான். மேலுதட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது, அதற்குப் பிறகு அவன் மைக் பக்கமே போவதில்லை என்று கேள்வி. இவர் மட்டும் பிழைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு வந்து வாய்த்த ஒரே மகள் என்ன செய்கிறாள் தெரியுமா? கழுத்தில் கிட்டாரை மாட்டிக்கொண்டு, மைக்கில் உதடு உரச, ராக் பாட்டுப் பாடுகிறாள்.

ஆதிராவுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். டிரம்ஸ் அடிக்கிற ஷிபு, லீட் கிட்டார் வாசிக்கிற யூசுப் இருவரும் அவளுடைய கூட்டாளிகள். பாஸ் வாசித்துக்கொண்டிருந்தவன் பெங்களூரில் வேலை கிடைத்து, கிட்டாரைக்கூட இங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். அந்தச் சமயம் பார்த்து ஓணத்தை ஒட்டி கலாசமிதி என்கிற ஊர்க் கலைமன்றம் ஒன்றின் ஆண்டுவிழா மேடை இவர்களுக்குக் கிடைத்தது. முதல் மேடை. ஆதிராவே எழுதி மெட்டுப் போட்ட மலையாளப் பாட்டு. தம்பானூரில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண், ஆட்டோக்காரர்கள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வீடுவரை நடந்தே போகிற பாட்டு அது.

பாஸ் இல்லாமல் எப்படி மேடையேறுவது என்று ஆதிரா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து புலம்பியபோது, குற்றாலலிங்கத்தின் மனம் ஒரு துள்ளுத் துள்ளியது. நிகழ்ச்சி நடக்காது! அதற்குள் அவளே, யூசுப்பின் சொந்தக்காரன் ஒருத்தன் வாசிப்பானாம், அவனைக் கேட்க வேண்டும் என்றாள். துள்ளிய மனம் உட்கார்ந்துவிட்டது. மைக் செட்டு யாருடையது என்று மெதுவாகக் கேட்டார். ஏதோ ஈவென்ட் கம்பெனி மொத்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறதாம். கிட்டாரைத் தவிர வெளிச் சாமான் எதையும் அவர்கள் பெட்டியில் செருக விடமாட்டார்களாம். கார்ட்லெஸ் மைக் தலைவருக்கும் அறிவிப்பாளருக்கும், பாட்டுக்காரர்களுக்கு ஒயர் மைக். அவர் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிவிட்டார்.

செட்டு தன்னுடையது இல்லை என்றால் அவர் எங்கே நிற்பார்? ஜனத்தோடு ஜனமாக, கட்டியிருக்கிற கயிற்றுக்கு இந்தப் பக்கம். மெயின் ஸ்விட்ச் எந்த மூலையில் என்றுகூடத் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சேர்வதற்குள்... அந்த வாக்கியத்தை அவர் மனசுக்குள்கூட முடித்ததில்லை.

காலையில் மகள் தலைவாரிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று, "ஏட்டி, அந்த பாஸ நான் வாசிச்சா என்ன?" என்று கேட்டார்.

ஆதிரா சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அப்பாவுக்கு எந்தா பெட்டென்னு இப்படி ஒரு மோகம்?"

திடீர் மோகமெல்லாம் இல்லை, சும்மா ஒரு ஆசை என்றார். ஆசையாவது, மண்ணாங்கட்டியாவது! வயிறு முழுக்கப் பயம். மேடையில் அவள் பக்கத்தில் நிற்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கம்பியில் விரல் வைத்து நிற்கிறவனுக்குக் கசிவு முதலில் தெரிந்துவிடும், எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பாக. அது தெரிந்த மாத்திரத்தில் எட்டி அவளைத் தள்ளிவிடலாம். உலகத்தில் பாஸ் கிட்டார் கற்றுக்கொண்ட எவரும் இப்படி ஒரு காரணத்துக்காகக் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஷிபு வீட்டுக் கார் ஷெட்டில் பயிற்சி. வாத்தியார் ஆதிரா. கறாரான வாத்தியார். பாஸ் கம்பி துணி காயப்போடும் கொடி மாதிரி தடிமன், அழுத்தினால் விரல் நுனி கன்றிப்போகும். இரண்டே நாளில் கொப்புளம் வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. வலது கையின் இரண்டு விரல்களையும் கால் மாற்றி நடப்பதுபோல் கம்பியின் மேல் நடத்த வேண்டும். இவருடைய விரல்கள் முதலில் நொண்டியடித்தன. ஆனால் பாருங்கள், தாளம் தப்பவில்லை. எத்தனை வருஷமாக எத்தனை பேருடைய கச்சேரியை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டவர்! அண்ணாச்சி கொள்ளாமே என்று ஷிபு பாராட்டினான். குற்றாலலிங்கத்துக்கு வெட்கமாகவும் கொஞ்சம் பெருமையாகவும்கூட இருந்தது.

பெருமை மூன்றாவது ஃபிரெட் வரைக்கும்தான். கிட்டார்க் கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கிற உலோகப் பட்டைகளுக்குத்தான் ஃபிரெட் என்று பெயர். மிகவும் தடித்த கம்பியை மூன்றாவது பட்டையில் அழுத்தினால் வருகிற சுரத்தில்தான் ஆதிராவின் பாட்டு தொடங்குகிறது. மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். பாஸ் மட்டும் அந்த ஒற்றைச் சுரத்தை விடாமல் அதிரவைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் ஏறி அவள் குரல் வரும்.

முதல் முறை கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் செருகி அந்தச் சுரத்தை வாசித்தார். ஸ்பீக்கரில் 'ங்ஙும்' என்றது. அடுத்த நொடி கம்பிகளை மொத்தமாகக் கையால் அமுக்கி, பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மூன்று பேரும் மலைத்துப்போய்ப் பார்த்தார்கள்.

"ஹம் அடிக்கி" என்றார் மூச்சு வாங்க.

ஒயரெல்லாம் சோதித்தார்கள். ஒன்றுமில்லை. மறுபடி செருகி வாசித்தார். மறுபடி 'ங்ஙும்'. மறுபடி பாய்ந்தார். ஷிபு சிரித்த சிரிப்பில் ஸ்டூலிலிருந்து சரிந்துவிட்டான்.

"அப்பா, அது ஹம் அல்லே. அது ஜி. நீங்க வாசிச்ச நோட்டு" என்றாள் ஆதிரா.

அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? கரண்டு உறுமுகிற சுருதியும் பாஸ் கிட்டாரின் அந்தச் சுரமும் அண்ணன் தம்பி. ஒரு நூல்தான் வித்தியாசம். எந்தச் சத்தம் காதில் விழுந்தால் உண்கிற சோற்றை விட்டு எழுந்து ஓடுவாரோ, அதே சத்தத்தைத் தன் கையாலேயே எழுப்பி, எழுப்பியதை அடக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேறு சுரமே கிடைக்கவில்லையா இந்தப் பெண்ணுக்கு! கொஞ்சம் மேலே தள்ளி வைத்துக்கொள்ளேன் என்று கெஞ்சிப் பார்த்தார். தன் குரல் அங்கேதான் நிற்கும் என்று அவள் முடித்துவிட்டாள்.

பிறகு வந்த நாட்களெல்லாம் இதே கூத்துதான். பாட்டு தொடங்கும், உறுமல் வரும், அவருடைய கை தானாகக் கம்பியை அமுக்கிவிடும். மன்னிப்புக் கேட்பார், மறுபடி தொடங்குவார், மறுபடி அமுக்குவார். ஷிபு சிரிப்பதை நிறுத்திக்கொண்டான். யூசுப் மரியாதைக்காரப் பையன், கிட்டாரைத் துடைக்கிற பாவனையில் தலையைக் குனிந்துகொள்வான். இதற்கிடையில் மகளைக் காப்பாற்ற அவர் பார்த்த வேலைகள் வேறு. தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ வாங்கிக்கொடுத்தார், அழகாக இருக்கிறது என்று போட்டுக்கொண்டாள். மைக்குக்குப் பஞ்சு உறை வாங்கி மாட்டினார், மூக்கடைத்த மாதிரி கேட்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டாள். மழையில் நனைந்தால் பஞ்சும் உதவாது என்பது அவருக்கே தெரியும். அதனால் அதிகம் வற்புறுத்தவில்லை.

ஒரு சாயங்காலம் ஆதிரா அவரை ஷெட்டுக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டாள். மலையாளத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்தாள்.

"இனி ஒரு தடவ நின்னா யூசுப்போட ஆளு வரட்டும்ப்பா. எனக்கு இது முதல் ஸ்டேஜாக்கும். மனசிலாச்சா?"

அவள் கண் கலங்கியிருந்தது. அப்பாவை விலக்கச் சொல்வது அவளுக்கும் லேசாக இருந்திருக்காது. குற்றாலலிங்கம் தலையை ஆட்டினார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மகள் மைக்கை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தன்னை அவர் அந்த நிமிஷமே பார்த்துவிட்டார். ஷெட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தவரை இசக்கிசெல்வி ஏற இறங்கப் பார்த்தாள். சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். ஆள் வாசற்படி ஏறும்போதே வாங்க வந்தவளா, சும்மா புரட்டிப் பார்க்க வந்தவளா என்று சொல்லிவிடுவாள். கட்டின புருஷனையா தெரியாது?

"நீங்க வாசிக்கவா போறிய? பிள்ள பக்கத்துல காவலுக்கு நிக்கப் போறிய. எனக்குத் தெரியாதாக்கும்."

"அவகிட்டச் சொல்லிராத. பயந்துருவா. பயந்தா பாட வராது."

"அப்பம் நீங்க பயந்தா மட்டும் வாசிக்க வருமோ?"

இதற்கு வழியும் அவளிடமே இருந்தது. மறுநாள் வேலை முடிந்து நேரே கடைக்கு வந்தாள். ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஒரு ஸ்பீக்கர் பெட்டியை இழுத்துப்போட்டு மெயின் ஸ்விட்ச்சுக்குக் கீழே உட்கார்ந்து, அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கிட்டாரைச் செருகுங்க, வாசிங்க, உங்கள நான் பாத்துக்கிடுதேன், லேசா முகம் கோணினாலும் இழுத்து இறக்கிருவேன் என்றாள். குற்றாலலிங்கம் வாசித்தார். உறுமல் எழுந்து ஷட்டர் தகரம் கிடுகிடுத்தது. கை அமுக்கப் போனது. அவள் ஸ்விட்ச்சைப் பிடித்திருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தார், கை நின்றது. மறுபடி திரும்பிப் பார்த்தார். அவள் அங்கேயேதான் இருந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு, அவரைவிட அதிகமாகப் பயந்துபோய்.

ஒவ்வொரு சாயங்காலமும் இது நடந்தது. சந்தில் இருக்கிற மண்டிக்காரர்கள், அண்ணாச்சி கடையில் புருஷனும் பெண்டாட்டியும் ஷட்டரை இறக்கிவிட்டு ஏதோ மாவு மில் ஓட்டுகிறார்கள் என்று கேலி பேசினார்கள். பேசட்டும். ஷிபுவின் ஷெட்டில் அடுத்த பயிற்சியில் குற்றாலலிங்கம் நிற்காமல் பாட்டை முடித்தார். ஆதிரா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பயம் அவரிடம் இருந்த இடத்திலேயே இருந்தது. வாசித்துக்கொண்டே பயப்படக் கற்றுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

விழா நாள் மத்தியானமே மைதானத்துக்குப் போய்விட்டார். வானம் கறுத்திருந்தது. ஈவென்ட் கம்பெனியின் மேற்பார்வைக்காரர் வேலப்பன் நல்ல மனிதர். எர்த்து எவிடே என்று இவர் கேட்டதும் முகம் சுளிக்காமல் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். சரியாகத்தான் இறக்கியிருந்தார்கள். மைக்கையும் கிட்டார்க் கம்பியையும் மீட்டர் வைத்துப் பார்க்க விட்டார். முள் அசையவில்லை. "அண்ணாச்சி டென்ஷன் அடிக்கண்டா" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எத்தனையோ நாளைக்குப் பிறகு குற்றாலலிங்கம் அன்றைக்கு ஒரு முழுச் சாயாவை நிதானமாகக் குடித்தார்.

சாயா குடித்தவரை விதி விடுமா? தலைவர் பேச்சு நீண்டுகொண்டே போக, மழை பிடித்துக்கொண்டது. பேச்சின் நடுவில் கரண்டு போனது. மைதானமே ஓவென்று கூச்சலிட்டது. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டரை ஓட்டினார்கள், விளக்கெல்லாம் வந்தது, கூச்சல் அடங்கியது. எல்லாரும் நிம்மதியானபோது குற்றாலலிங்கம் மட்டும் ஜெனரேட்டர் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். மத்தியானம் அவர் பார்த்ததெல்லாம் லைன் கரண்டுக்கு. ஜெனரேட்டரை அவர் பார்க்கவே இல்லை. எட்டிப் பார்த்தார். அது ஒரு மினி லாரியின் மேல், ரப்பர் டயருக்கு மேலே நின்று புகை கக்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மண்ணுக்கும் கம்பி போட்டிருக்கிறார்களா? இருட்டில் தெரியவில்லை. வேலப்பனைப் பார்த்துக் கையைக் காட்டிக் கத்தினார். அந்த இரைச்சலில் வேலப்பன் தலையை ஆட்டினார். இவருக்கு ஆட்டினாரா, பக்கத்தில் குடை பிடித்து நின்றவருக்கு ஆட்டினாரா, அதுவும் தெரியவில்லை. அதற்குள் அறிவிப்பாளர் ஆதிராவின் பெயரைச் சொல்லிவிட்டார்.

ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று இவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. நேரமாகிவிட்டது என்று கமிட்டிக்காரர்கள் முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டார்கள். மேடை விளக்கை அணைத்திருந்தார்கள். இருட்டில் பாஸ் தொடங்கி, பிறகு வெளிச்சம் வரவேண்டும் என்பது ஷிபுவின் யோசனை. மைக் எந்தப் பக்கம் என்று இவர் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே ஷிபுவின் குச்சிகள் தாளம் கொடுத்துவிட்டன. சொன்னபடி கேட்டுப் பழகிய விரல்கள் தாமாகத் தடித்த கம்பிக்குப் போய்விட்டன.

உறுமல் கிளம்பி மைதானம் முழுக்க நிறைந்தது. விரல் எழுப்பியதா, ஜெனரேட்டர் எழுப்பியதா? இரண்டும் கலந்திருக்கிறதா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிரித்தறிய முடியவில்லை. விரல் நுனியில் குறுகுறுப்பு இருக்கிறதா என்று கவனித்தார். கொப்புளமெல்லாம் காய்த்து, நுனி மரக்கட்டையாகிக் கிடந்தது. எறும்பென்ன, தேள் ஊர்ந்தாலும் தெரியாது. எதற்காக இந்தக் கிட்டாரைத் தொட்டாரோ அதையே கிட்டார் அவர் விரலிலிருந்து எடுத்துவிட்டிருந்தது. ஐயோ என்று வாய்விட்டே சொன்னார். ஸ்பீக்கர் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

வெளிச்சம் வந்தது. ஆதிரா நடந்து வந்துகொண்டிருந்தாள். சாரலில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இடது கை கிட்டார்க் கம்பியை முழுசாகப் பிடித்திருந்தது. முகத்தில் சொல்ல முடியாத சந்தோஷம். நிறுத்திவிடலாம், கம்பியை அமுக்கினால் போதும். முதல் மேடையில், இத்தனை பேர் முன்னால், அவள் முகம் என்ன ஆகும்? நிறுத்தாவிட்டால்? மைக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாமென்றால், வாசிக்கிற இரண்டு கைகளில் ஒன்றை எடுத்தாலும் பாட்டு செத்துவிடும்.

குற்றாலலிங்கம் வாசித்துக்கொண்டே நடந்தார். மகளுக்கும் மைக்குக்கும் நடுவில் தோளை நுழைத்தார். ஆதிரா திகைத்து நின்றுவிட்டாள். அவர் குனிந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் இரண்டு உதடுகளையும் மைக்கின் ஈரக் கம்பிவலையில் அழுத்தி வைத்தார். அப்படியே நின்றார். ஷிபு குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. வாயில் இரும்பும் மழையும் கரித்தன, விரலுக்கடியில் சுரம் அறுபடாமல் உறுமிக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் எட்டு விலகி அவளுக்கு வழிவிட்டு, விரல் நிற்காமல், முகவாயை மைக் பக்கமாக ஒருமுறை அசைத்தார்.